பதினாறு அங்குலம் காணவில்லை

செப்டம்பர் 29

தம்பிக்கு,

உன்னோடு இனிமேல் பேசமாட்டேன் என்று அன்றைக்கு வாசலில் நின்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினெட்டு வருஷம் தையல் மெஷினை மிதித்து வாங்கிய வீடு இது. குடிபோன அன்று நாற்பது பேர் கூடத்தில் நிற்கிறார்கள். குளிருக்கு இதமாகச் சுவரோரக் கணப்பில் நெருப்பு எரிகிறது. நீ மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாய். தரை துடைக்கிற வாளியைத் தூக்கி நெருப்பில் கவிழ்த்தாய். "இதுல இனிமே யாரும் நெருப்பு வைக்கக் கூடாது"ன்னு பெரிய நீதிபதி மாதிரி தீர்ப்பு வேறு. ஆவியும் சாம்பலும் பறந்து என் மாமியாரின் புது உடை முழுக்கக் கரி. "உன் தம்பி ஏன் தீயணைப்புல சேரல?" என்று அவர் இன்றுவரை கேட்கிறார்.

சரி, அதோடு விட்டாயா? புது ஊருக்கு மாற்றலாகிப் போகிற அவசரத்திலும் உன் பழைய ஆபீசில் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நேற்று நகராட்சியிலிருந்து சிவப்பு முத்திரை போட்ட நோட்டீஸ் வந்தது. என் புகைபோக்கி "பயன்பாட்டுக்குத் தகுதியற்றது" என்று எழுதியிருக்கிறது. சொந்த அக்கா வீட்டுக்குச் சிவப்பு முத்திரை! உனக்குக் கட்டட ஆய்வாளர் வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

எந்த விதி? எத்தனை அங்குலம் குறைகிறது? எழுத்தில் கொடு. நான் தையற்காரி, கண்மதிப்பில் எவனாவது 'சின்னது, பெரிசு' என்றால் நம்பமாட்டேன். இல்லையென்றால் நேரில் வந்து அளந்து காட்டு. வருவாயா?

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாளிக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நெருப்பை அணைத்ததற்காகக் கேட்கவில்லை. அத்தையின் உடைக்காகத் தனியாக மன்னிப்பு.

நேரில் வர இப்போது முடியாது. வேலை அதிகம். கையெழுத்து கோணலாக இருந்தால், மேசை சரியில்லை.

நீ கேட்டபடி அளவுகள். புகைபோக்கி கூரையை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயரம் நிற்க வேண்டும். அது மட்டும் போதாது. பத்தடி தூரத்துக்குள் கூரை முகடோ வேறு எதுவோ இருந்தால் அதைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று முகட்டில் மோதிச் சுழன்று புகையைக் கீழே திருப்பி அனுப்பும். அடுத்து, உத்திரமோ சட்டமோ எந்த மரமும் செங்கல்லை ஒட்டக் கூடாது. நடுவில் இரண்டு அங்குலம் காலியாக இருக்க வேண்டும். செங்கல்லைப் பார்த்தால் சாதுவாக இருக்கும். ஆனால் சூட்டை மெதுவாகக் கடத்தும். தினம் தினம் சூடு பட்ட மரம், நாளாக ஆக, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

உள்ளே பளபளவென்று தார் மாதிரிக் கரி படிந்திருக்கும். புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பது அதனால்தான். ஆள் வைத்துச் சுத்தம் செய்.

அன்றைக்கு நாற்பது பேருக்கு முன்னால் இதையெல்லாம் விளக்கியிருக்கலாம். விளக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அது வேண்டாம்.

அளக்கும்போது கூரைமேல் நீயாக ஏறாதே. தயவுசெய்து.

தம்பி


அக்டோபர் 14

தம்பி!

கோபம் இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் இதைக் கேள்.

அத்தான் தான் வேலை பார்க்கிற நூலகத்திலிருந்து கட்டட விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலையணை கனம். நான்கு நாளாகத் தையலை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் படிக்கிறேன். யாரடா இதை வறட்டுப் புத்தகம் என்றது? ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வீடு எரிந்திருக்கிறது போல இருக்கிறது. படிக்கப் படிக்கக் கைகால் பரபரக்கிறது.

அளந்துவிட்டேன். கூரைமேல் ஏறவில்லை, பரண் ஜன்னல் வழியாக நீளக் கம்பில் டேப்பைக் கட்டி நீட்டினேன். அத்தான் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மூன்றடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டடி நாலு அங்குலம்! முகடு ஏழடி தள்ளி இருக்கிறது, புகைபோக்கியைவிட அதுதான் உயரம்! நீ சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா?

பரணில் இன்னொன்று. ஒரு உத்திரம் செங்கல்லை அப்படியே கட்டிக்கொண்டு கிடக்கிறது. இரண்டு அங்குலம் எங்கே, ஒரு நூல்கூட நுழையாது. தொட்டுப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டியது. மரம் முதலைத் தோல் மாதிரி வெடித்துக் கறுத்திருக்கிறது. அன்றைக்குக் கீழே நாற்பது பேர் சிரித்துக்கொண்டிருந்தோம். சரி, வாளி விஷயத்தில் பாதி மன்னித்துவிட்டேன்.

சுத்தமும் நேற்றே முடிந்தது. ஆள் பத்து நாள் ஆகும் என்றான், அதனால் குச்சியும் கம்பித் தூரிகையும் வாங்கி நானே கீழேயிருந்து குத்தினேன். மூன்று சாக்குக் கரி! நடுவில் ஒரு இடத்தில் தூரிகை சிக்கியது. பலம் போட்டுத் தள்ளினேன். தடதடவென்று என்னமோ விழுந்தது. ஆனால் கணப்பில் வந்து விழவில்லை. எங்கே போனதோ.

இப்போது புதிருக்கு வருகிறேன். பரணில் புகைபோக்கியின் வெளி அகலம் முப்பத்தாறு அங்குலம். உள்ளே ஓட்டை பன்னிரண்டு. இரண்டு பக்கமும் செங்கல் நாலு நாலு. கூட்டினால் இருபதுதான் வருகிறது. மிச்சம் பதினாறு அங்குலம் காணோம்! மேலே மழைக்காக ஒரே தகரத் தொப்பி கவிழ்த்திருப்பதால் வாய் தெரியவில்லை. துணியில் பதினாறு அங்குலம் குறைந்தால் எந்தக் கடைக்காரனையும் விடமாட்டேன். இங்கே யாரைப் பிடிப்பது?

நிறுத்த வேண்டியிருக்கிறது. சுவரிடி அம்மா ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் வைத்த பெயர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இல்லையா, என் மெஷின் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து இடிப்பாள். நான்கு நாளாக மெஷினையே தொடவில்லை. ஆனாலும் இடிக்கிறாள். என்னால் தலைவலியாம், வாந்தி வேறு வருகிறதாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் வந்தால் சரியாகிவிடுகிறதாம், வீட்டுக்குள் வந்தால் என் சத்தத்தில் மறுபடி வந்துவிடுகிறதாம். ஓடாத மெஷினுக்கு ஏதடா சத்தம்?

நீ வந்து இந்தப் பதினாறைக் கண்டுபிடி. வேலை வேலை என்று சாக்குச் சொல்லாதே.

அக்கா


அக்டோபர் 17, பகல்

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. மூன்று முறை போன் செய்தேன், என் நம்பரைப் பார்த்து நீ எடுக்கவில்லை. அத்தானின் நூலகத்துக்கு அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் "சரி"கூடச் சொல்லவில்லை, போன் மேசையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. அவர் ஓடிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். கை சும்மா இருக்க மறுக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் பதினாறு அங்குலம் பக்கத்து வீட்டுக்காரருடையது. பன்னிரண்டு அங்குல ஓட்டை, நாலு அங்குலச் செங்கல். ஒரே கூண்டுக்குள் இரண்டு வழி, நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அவர்கள் பக்கத்துக் கணப்பைப் பூசி மறைத்திருப்பார்கள், ஆனால் வழி உள்ளே இருக்கும். சுடுதண்ணீர் கேஸ் ஹீட்டரின் குழாயை அதில்தான் சொருகியிருக்க வேண்டும். நீ தள்ளியது அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. வழி அடைத்துவிட்டது. ஹீட்டரின் புகை மேலே போகாமல் அவர்கள் வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, வாந்தி, வெளியே போனால் சரியாவது, எல்லாம் அதுதான்.

அன்றைக்கு டார்ச் அடித்து உன் பக்கத்தை மட்டும் பார்த்தேன் அக்கா. ஒட்டிக் கட்டிய வீடு என்று தெரிந்தும் அடுத்த பக்கத்தை யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷ அனுபவம். நீ ஒரு டேப்பை வைத்துக்கொண்டு


அக்டோபர் 19

தம்பி,

முந்தாநாள் நீ எழுதிய கடிதம் பாதி வரியில் நின்றிருக்கிறது. என் போன் வந்த நேரம் என்று நினைக்கிறேன். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம், உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முழுதாக எழுதுகிறேன்.

அத்தானைத் தெரியுமே, மழையே வந்தாலும் நடையை மாற்றாத மனிதர். படித்துக்கொண்டிருந்த ஏழு பேரை உள்ளே வைத்தே நூலகத்தைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "பக்கத்து வீடு! கேஸு! குழந்த!" மூன்று சொல்தான். எனக்குப் பதினாறு அங்குலமும் அந்த நொடியே விளங்கிவிட்டது.

கழுத்தில் டேப்போடு ஓடினேன். கதவு உள்ளே தாழ். அவள் வீட்டுக்காரர் ரொட்டித் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை. குழந்தையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள், ஹீட்டர் எரிகிறது. என்னைப் பார்த்து, "மெஷின நிறுத்துங்க… தல வெடிக்குது" என்றாள். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். சபதமாவது மண்ணாவது!

"எங்கடா கேஸ் வால்வு?"

"மொதல்ல ஆளுங்க! அப்புறம் வால்வு! மூச்ச அடக்கிட்டுப் போ. குழந்தைய வெளிய குடுத்துட்டு வந்து மூச்சு விட்டுட்டு மறுபடி போ!"

உன் குரலைக் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

வீட்டுக்கு ஓடி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னலை உடைத்தேன். உள்ளே இறங்கிக் குழந்தையை வாரி ஜன்னல் வழியாக அத்தான் கையில் கொடுத்தேன். உடம்பு துவண்டு கிடந்தது தம்பி. ஒரு முறை வெளியே தலையை நீட்டி மூச்சு இழுத்தேன். அப்புறம் அவளை அக்குளில் பிடித்து வாசல்வரை இழுத்துத் தாழைத் திறந்தேன். "மஞ்சக் கைப்பிடி, குறுக்கால திருப்பு" என்று போன் தரையில் கிடந்து கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை போய்த் திருப்பினேன். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டேன்.

தெருவில் அத்தான் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அது சத்தமே போடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். திடீரென்று முகம் சிவந்து ஒரு அழுகை அழுதது பார், தெரு முழுக்கக் கதவு திறந்தது! அந்த அழுகைக்கு நான் ஆடிவிட்டேன். நிஜமாகவே நடுத்தெருவில் குதித்தேன்.

இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து அளந்துவிட்டு, கருவியில் வந்த எண்ணைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் பழைய ஆபீசில் மூக்குக்கண்ணாடி போட்ட ஆய்வாளர், அந்தக் கண்ணாடிக்காரர், வந்து அவர்கள் சுவர்ப் பூச்சை உடைத்தார். உள்ளே ஒரு கூடை செங்கல், கரி. என் தூரிகை இடித்துத் தள்ளியது.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். பொறுக்கமுடியவில்லை. அடைத்ததே நான்தானே?

இன்னொன்றும் கண்ணாடிக்காரர் சொன்னார். "உங்க தம்பி கால் எப்படி இருக்கு? கட்டு பிரிச்சாச்சா?" என்றார். நான் முழித்தேன். புது ஊருக்குப் போன வாரத்திலேயே கூரையிலிருந்து விழுந்தாயாம். இரண்டு இடத்தில் முறிவாம். 'வேலை அதிகம்.' 'மேசை சரியில்லை.' படுத்துக்கொண்டே எழுதினால் கையெழுத்து கோணாமல் என்ன செய்யும்? நான் வேறு வா வா என்று திட்டிக்கொண்டிருந்தேன். எருமை. யார் உனக்குச் சோறு போடுகிறார்கள்?

அக்கா


அக்டோபர் 25

அக்கா,

கீழ்வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார். கால் கூடிவருகிறது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை? கூரைமேல் கவனமாக இரு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் கூரையிலிருந்து விழுந்தால் வெளியே சொல்வானா? அதுவும் உன்னிடம்?

நீ குழந்தையின் அழுகையை எழுதியிருந்த இடத்தை நாலு தடவை படித்தேன். போனில் எனக்கு அதுதான் கேட்கவில்லை. உன் கூச்சல் மட்டும் கேட்டது. நல்ல கூச்சலா கெட்ட கூச்சலா என்று தெரியாமல் பத்து நிமிஷம் இருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் கொடுக்காதே கடவுளே என்று இருந்தது.

அடைத்தது நீ என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடிக்காரரிடம் பேசினேன். நடுச்சுவர் நாலு அங்குலம் இருக்க வேண்டியது. கட்டியவன் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி இரண்டரையில் முடித்து, மிச்சம் ஒன்றரையை அவர்கள் வழியில் விட்டிருக்கிறான். மேலிருந்து கீழ்வரை இருக்க வேண்டிய சுட்ட மண் உள்குழாய் எந்தப் பக்கத்திலும் இல்லை. சாந்து விரல் பட்டால் உதிர்கிறது. நீ தொடாவிட்டாலும் ஒரு நாள் தானாகவே விழுந்திருக்கும். அன்றைக்கு அங்குலம் எண்ண யாரும் இருந்திருக்கமாட்டார்கள். இதை உனக்குச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. உன் பங்கு உனக்கு உண்டு. உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் பழைய புகைபோக்கியைக் குத்தக் கூடாது. ஆனால் 'சுத்தம் செய்' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அதை எழுதாமல் விட்டவன் நான். என் பங்கு அதைவிடப் பெரியது.

வாளிக்கு ஒரு காரணம் உண்டு என்று சொல்லாமல் விட்டேனே, இதுதான். அன்று அத்தை மாடி அறையில் சற்றுப் படுத்திருந்தார். போர்வை கொடுக்கப் போனேன். கட்டிலின் தலைமாட்டில், புகைபோக்கி ஏறிப்போகிற சுவரில் கை பட்டது. சுட்டது அக்கா, தோசைக்கல் மாதிரி. சுவரில் ஒட்டிய காகிதம் பழுப்பாகியிருந்தது. அத்தை, "இந்த அறைதான் நல்ல கதகதப்பு, இனிமே இங்கதான் படுப்பேன்" என்றார். அவரைக் கைபிடித்துக் கீழே கூட்டிவந்து உட்காரவைத்தேன். அப்புறம் மாடியில் பார்த்த வாளியை எடுக்கத் திரும்பி ஓடினேன். அவர் முன்னால் காரணத்தைச் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு நாள் தூங்குவாரா? வாயை மூடிக்கொண்டேன். அதுவும் தப்பு. வாயைத் திறக்காத ஆய்வாளரால் யாருக்கு என்ன லாபம்?

பக்கத்து வீட்டு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாயா?

தம்பி


டிசம்பர் 2

தம்பி,

பாஸ்! பாஸ்! பாஸ்! வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே சுவரிடி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "உங்க பக்கம் விழுந்த செங்கல் நான் தள்ளினது" என்றேன். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் சுவர் சும்மா இருந்தது. இடித்தாலாவது பரவாயில்லை என்று ஆகிவிட்டது எனக்கு. மூன்றாம் நாள் டொக், டொக், டொக். பயந்துகொண்டே போனேன். வாசலில் நின்று, "டேப்ப எடுத்துட்டு வந்தீங்களா? என் பக்கமும் அளக்கணும். எனக்கும் அந்தப் புஸ்தகத்தப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் சமையலறை மேசைதான் எங்கள் ஆபீஸ். நான் படிப்பேன், அவள் கேள்வி கேட்பாள். அத்தான் மடியில் குழந்தை.

கண்ணாடிக்காரரிடம் அனுமதி வாங்கி இரண்டு பேரும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தோம். பழைய கூண்டை அடிவரை பிரித்துப் புதிதாகக் கட்டியாகிவிட்டது. நடுச்சுவர் முழு நாலு அங்குலம். இரண்டு பக்கமும் தனித்தனி எஃகுக் குழாய். கருகிய உத்திரத்தை வெட்டி, இரண்டு அங்குலம் தள்ளிப் புதுச் சட்டம் கட்டி, தீ மேலே ஏறாதபடி இடைவெளியின் அடியில் தகடு அடித்தார்கள். கொத்தனார் ஒரு இடத்தில் ஒன்றேமுக்கால் விட்டார். "கால் அங்குலந்தானே, யாரும்மா பாக்கப்போறா?" என்றார். நானும் அவளும் ஒரே குரலில், "நாங்க பாப்போம்!" என்றோம். பிரித்துக் கட்டினார், பாவம். அத்தை மாடிக்குப் போய்த் தலைமாட்டுச் சுவரைத் தினம் தொட்டுப் பார்க்கிறார். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்புறம், "அந்தப் பிள்ளைக்குக் கால் சரியாச்சான்னு கேளு" என்றார்.

இன்று காலை கடைசிச் சோதனை. கண்ணாடிக்காரர் என் கணப்பில் புகை வில்லையைக் கொளுத்தி, மேல் வாயை அடைக்கச் சொல்லிவிட்டு, எங்கள் எல்லோரையும் அவள் வீட்டுக்குள் கூட்டிப்போனார். நடுச்சுவரில் எங்காவது பொத்தல் இருந்தால் அங்கே புகை கசியும். அவள் சுவரில் மூக்கை ஒட்டிவைத்து மேலிருந்து கீழ் மோந்துகொண்டே வந்தாள். மூலையில் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, தும்மல் வருது" என்றாள்! கண்ணாடிக்காரரே சிரித்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டார். இரண்டு வீட்டிலும் நச்சுவாயு அலாரம் எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, பொத்தானை அமுக்கிக் கத்தவிட்டுக் கேட்டார். "இனிமே பத்த வைக்கலாம்" என்றார்.

காய்ந்த விறகாக நாலு துண்டு வைத்து நான் நெருப்பு மூட்டினேன். அந்தப் பக்கம் அவள் ஹீட்டரைப் போட்டாள். புகை அறைக்குள் ஒரு இழை வரவில்லை, விர்ரென்று இழுத்துக்கொண்டு மேலே போனது. வெளியே போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? எல்லோரும் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினோம். நான், அத்தான், அத்தை, அவள், அவள் இடுப்பில் குழந்தை, ஷிப்டுக்குப் போகாமல் நின்றுவிட்ட அவள் வீட்டுக்காரர். முகட்டைத் தாண்டி இரண்டடி உயரத்தில் இரண்டு வாய். என் குழாய் வாயில் வெள்ளைப் புகை நேராக மேலே போகிறது. அவள் குழாய் வாயில் சூட்டுக் காற்று மட்டும் நெளிகிறது. இரண்டும் தனித்தனியாக. நடுத்தெருவில் நின்று கைதட்டினோம். குழந்தையும் தட்டியது.

ஒரு லாரி எங்களால் நின்றுவிட்டது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னம்மா, எல்லாரும் மேல பாக்குறீங்க? வீடு தீப்பிடிச்சிருச்சா?"

சுவரிடி அம்மா முந்திக்கொண்டாள். தெருக்கோடிவரை கேட்கிற குரல்.

"பிடிக்கலண்ணே! அதத்தான் பாக்குறோம்!"

அக்கா